வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால்: இறப்புப் பதிவு முதல் வாரிசு வேலைகள் வரை (தமிழ்நாடு)

வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பேங்க் பணத்தை உடனே எடு, பட்டாவை மாற்று, கார்டில் பேரை நீக்கு என்று. இதில் பெரும்பாலானவற்றுக்கு அவசரமே இல்லை. எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று: 21 நாளைக்குள் இறப்பைப் பதிவு செய்வது. அதையும் வேகமாகச் செய்வதைவிடப் பிழையில்லாமல் செய்வதுதான் முக்கியம். முதல் படிவத்தில் பெயர் எப்படி விழுகிறதோ அப்படித்தான் அடுத்த இரண்டு வருடத்துக்கு எல்லா அலுவலகத்திலும் உங்கள் வேலை நடக்கும், அல்லது நடக்காது.

முதல் சில மணி நேரம்

மருத்துவமனையில் இறந்திருந்தால் இறப்புக்கான காரணத்தை மருத்துவரே படிவம் 4-இல் எழுதி மருத்துவமனை வழியாகப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்தக் காரணச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனை பில், மருத்துவக் காப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பொறுப்பான ஒருவர் கையில் கொடுங்கள்.

வீட்டில் இறந்திருந்தால், கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவரை அழைத்துப் படிவம் 4ஏ-இல் காரணச் சான்று வாங்க வேண்டும். வயதாகி இயற்கையாக இறந்தவருக்கு எதற்கு டாக்டர் என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். நகரங்களில் மயானத்திலேயே இந்தச் சான்றைக் கேட்பார்கள். கிராமத்தில் கேட்காமல் போகலாம், ஆனால் பின்னால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். எரித்தாலும் புதைத்தாலும் மயானத்தில் தரும் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். வீட்டில் நடந்த இறப்புக்கு அதுதான் கைவசம் இருக்கும் நல்ல ஆதாரம்.

கண் தானம் செய்ய விருப்பமிருந்தால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இறந்தவரின் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அருகிலுள்ள கண் வங்கியை அழைத்தால் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்துவிடும் குடும்பங்கள் நிறைய. இந்த எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

பதிவு எங்கே, யாரிடம்

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். பதிவு செய்ய வேண்டியது இறந்த இடத்தில், வாழ்ந்த ஊரில் அல்ல. தஞ்சாவூர்க்காரர் மதுரை மருத்துவமனையில் இறந்தால் பதிவு மதுரையில்தான். சொந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஓடும் பேருந்திலோ ஆம்புலன்ஸிலோ உயிர் பிரிந்தால், வண்டி முதலில் நின்ற இடத்தைக் கணக்கில் எடுப்பார்கள்.

மருத்துவமனையில் நடந்த இறப்பைத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர் அல்லது நெருங்கிய உறவினர் தெரிவிக்க வேண்டும். கிராம ஊராட்சிப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலரையும், நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் சுகாதார ஆய்வாளரையும் பார்க்க வேண்டும். இறப்பு அறிக்கைக்கான படிவத்தின் எண் 2.

கொண்டுபோக வேண்டியவை: இறந்தவரின் ஆதார், தகவல் தருபவரின் ஆதார், மருத்துவரின் காரணச் சான்று, மயான ரசீது, குடும்ப அட்டை. 21 நாளைக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. தகவல் கொடுத்தவருக்குப் பதிவு முடிந்த 7 நாளைக்குள் சான்றிதழை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். சான்றிதழ் இப்போது கணினி வழியாகவே வருவதால், பதிவு எண் கையில் இருந்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பெயர், பெயர், பெயர்

மருத்துவமனைக் கவுன்டரில் இரவு இரண்டு மணிக்குப் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் மகனோ மகளோ இல்லை. அவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். கூட வந்த மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லச் சொல்ல, ஊழியர் எழுதிக்கொள்வார். வீட்டில் கூப்பிடும் பெயர், தோராயமான வயது, அரைகுறை முகவரி என்று அந்தப் படிவம் அப்படியே பதிவாளருக்குப் போய்விடும்.

நம் பெயர்கள் ஏற்கெனவே சிக்கலானவை. ஆதாரில் ‘முருகேசன் ராமசாமி’, வங்கியில் ‘ஆர். முருகேசன்’, பட்டாவில் ‘முருகேசன் த/பெ ராமசாமிக் கவுண்டர்’, எல்.ஐ.சி. பாண்டில் ‘ஆர்.எம். முருகேசன்’. நான்கும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இறந்தவரின் ஆதாரை பக்கத்தில் வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதும் முக்கியம். சொத்துப் பத்திரத்தில் வேறு பெயர் இருந்தால், ‘என்கிற’ போட்டு இரண்டு பெயரையும் சேர்த்துப் பதிய முடியுமா என்று அங்கேயே கேளுங்கள்.

பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: தந்தை அல்லது கணவர் பெயர், தாயார் பெயர், பாலினம், இறந்த தேதி, இறந்த இடம், நிரந்தர முகவரி. தேதியில் நள்ளிரவுக் குழப்பம் அடிக்கடி வரும். இரவு 12.20-க்கு உயிர் பிரிந்தால் அது மறுநாள் தேதி, வீட்டில் எந்த நாளைக் கணக்கில் வைத்தாலும் சரி. அப்புறம் ஒன்று: இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இருக்காது. அதை வெளியிடக் கூடாது என்பதே சட்டம். காப்பீட்டுக்குக் காரணம் வேண்டுமென்றால் மருத்துவரின் சான்றைத்தான் கொடுக்க வேண்டும்.

தவறாகப் பதிவாகிவிட்டால் திருத்தலாம். பதிவு நடந்த அதே அலுவலகத்தில் விண்ணப்பம், சரியான விவரத்துக்கான ஆவணம், விஷயம் தெரிந்த இரண்டு பேரின் உறுதிமொழி ஆகியவை வேண்டும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதுவார்கள். எழுத்துப்பிழைக்கு இது நடக்கும். ஆளையே மாற்றுவது போன்ற திருத்தம் என்றால் கேள்வி மேல் கேள்வி வரும்.

21 நாள் தாண்டிவிட்டால்

22-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை தாமதக் கட்டணம் கட்டினால் போதும். 30 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் என்றால் மாவட்டப் பதிவாளர் அல்லது அவருக்காக நியமிக்கப்பட்ட அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும், சுயசான்றொப்பமிட்ட ஆவணமும் வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) உத்தரவு தேவை. நம் ஊரில் அதற்கு வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே முதலில் கேட்பது, இந்த இறப்பு பதிவாகவில்லை என்று பதிவாளர் தரும் ‘பதிவு இல்லை’ சான்று. 20 வருடம் முன்பு இறந்த தாத்தாவின் நிலத்தைப் பிரிக்கப் போகும் பேரப்பிள்ளைகள் எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம்

இவற்றில் உடலை நேரே வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. காவல்துறைக்குத் தகவல் சொல்லி, முதல் தகவல் அறிக்கை பதிந்து, உடற்கூறாய்வு முடிந்த பிறகுதான் உடல் கிடைக்கும். 2024 ஜூலை 1 முதல் இந்த விசாரணை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் நடக்கிறது. முன்பு அது 174. பாம்புக் கடி, மின்சாரம் தாக்குதல், கிணற்றில் விழுதல் எல்லாம் இதில் அடங்கும். ‘போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் எதற்கு’ என்று வலி தாளாமல் தவிர்க்கும் குடும்பங்களின் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் எஃப்.ஐ.ஆரும் உடற்கூறாய்வு அறிக்கையும் இல்லாமல் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் ஒரு ரூபாய்கூட வராது. பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்தத் தொகையில் இருக்கலாம். உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காக இறப்புப் பதிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

போன் எண்ணை விட்டுவிடாதீர்கள்

இறந்தவரின் சிம்மைக் குறைந்தது ஒரு வருடம் ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். எந்த வங்கியில் கணக்கு, எந்தப் பாலிசிக்குப் பிரீமியம், எந்த நகைக்கடையில் சீட்டு என்று வீட்டுக்குத் தெரியாதது எல்லாம் குறுஞ்செய்தியாக வந்து விழும். ஆனால் அதே போனில் வரும் ஓ.டி.பி.யை வைத்துப் பணத்தை மாற்றாதீர்கள். ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் தெரியும் என்பதற்காகப் பணம் எடுப்பதும் தவறு. மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில் செலவுக்கு எடுத்த பணம் அண்ணன் தம்பி உறவையே முறித்த வீடுகள் உண்டு.

வாரிசுச் சான்றிதழ்

இறப்புச் சான்றிதழ் வந்ததும் அடுத்த வேலை இது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் வழங்குவார். இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, எல்லா வாரிசுகளின் ஆதார், விண்ணப்பிப்பவரின் படம், சுய உறுதிமொழி தேவைப்படும்.

கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிப்பதை இன்னமும் பார்க்க முடிகிறது. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் திருத்தப்பட்டு மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உறுதியானது. தந்தையின் தனிச் சொத்தில் அவளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பெயரை மறைத்து வாங்கிய சான்றிதழ் ரத்தாகும், அதை வைத்து விற்ற சொத்தும் வழக்கில் சிக்கும். இன்னொருவரும் மறக்கப்படுகிறார்: இறந்தவரின் தாய். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. தந்தை இந்த முதல் வரிசையில் வர மாட்டார். மற்ற மதத்தவருக்கு அவரவர் சட்டப்படி பங்கு மாறும்.

வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்கிறது. பெரிய தொகைக் கடன் பத்திரம், வங்கி வைப்பு நிதி (எஃப்.டி.) போன்றவற்றுக்கு நாமினி இல்லையென்றால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்றிதழைக் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு. இரண்டாவதற்கு வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், பல மாதம் எல்லாம் ஆகும். எனவே கேட்கும் அலுவலகத்திடம் எது வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வங்கி

நாமினி இருந்தால் வேலை எளிது. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை போதும். நாமினி இருக்கும் கணக்குக்கு வாரிசுரிமைச் சான்றிதழ் கொண்டுவா என்று கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாளைக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்த ஆவணங்களுக்கு அத்தாட்சி வாங்குங்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான் ஓடும்.

நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் மறுப்பின்மைக் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வங்கிக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்ற உறுதி) கேட்பார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் நீதிமன்றச் சான்று.

நாமினிதான் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று நினைப்பது பெரிய தவறு. வங்கிப் பணத்தை நாமினி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாரிசுகளுக்காகத்தான் வைத்திருக்கிறார். உச்ச நீதிமன்றம் பங்குச் சந்தை முதலீட்டுக்கும் இதையே 2023-இல் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-க்குப் பிறகு நிலைமை வேறு: பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவர்களுக்கே சேரும்.

எந்த வங்கி என்றே தெரியாத பழைய கணக்குகளைத் தேட ரிசர்வ் வங்கியின் உத்கம் தளம் உதவும். 10 வருடம் தொடப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகள் உரிமை கோரலாம்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. இறந்தவரின் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகள் பொறுப்பு. நீங்கள் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போடவில்லையென்றால், வசூலுக்கு வருபவர் உங்கள் சம்பளத்தைக் கேட்க முடியாது. துக்க வீட்டுக்கு வந்து மிரட்டுபவர்களிடம் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக் கடன் என்றால், கடனோடு காப்பீடு எடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

யாருக்கும் தெரியாமல் இருக்கும் காப்பீடு

இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்து, மே கடைசி, ஜூன் தொடக்கத்துப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்தால் சுரக்ஷா திட்டம்; விபத்தில் இறந்தால் 2 லட்சம். கணக்கு தொடங்கும்போது கையெழுத்து வாங்கியது பலருக்கு நினைவிலேயே இருக்காது. அந்த வங்கிக் கிளையில்தான் கோர வேண்டும். சீக்கிரம் கொடுத்துவிடுங்கள், தாமதித்தால் விளக்கம் கேட்பார்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்றால் வருங்கால வைப்பு நிதியில் மூன்று பணம் இருக்கிறது: சேமிப்புத் தொகை, குடும்ப ஓய்வூதியம், அப்புறம் இ.டி.எல்.ஐ. என்னும் காப்பீடு. மூன்றாவதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். பணியில் இருக்கும்போது இறந்தால் அதில் 7 லட்சம் வரை கிடைக்கும். தொழிலாளி அதற்காகத் தனியே பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை. மனைவிக்கு ஓய்வூதியம், கூடவே இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஓய்வூதியம் உண்டு.

எல்.ஐ.சி. போன்ற பாலிசிக்கு அசல் பாண்டு, இறப்புச் சான்றிதழ், நாமினியின் வங்கி விவரம் வேண்டும். பாலிசி எடுத்து மூன்று வருடம் முடிந்திருந்தால், பழைய நோயை மறைத்தார் என்று காரணம் காட்டி மறுக்கச் சட்டம் இடம் தராது. கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர் யாராக இருந்தாலும் நல வாரிய அட்டை இருந்ததா என்று பீரோவில் தேடுங்கள். இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் அங்கே உதவித்தொகை உண்டு.

நிலம், வீடு, வண்டி

பட்டா மாற்றத்துக்கு அவசரமில்லை, ஆனால் விட்டும்விடாதீர்கள். வாரிசுச் சான்றிதழை வைத்து முதலில் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளலாம். பிரிப்பதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம், ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் விடுதலைப் பத்திரம். இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டுக்கொடுத்தது பத்து வருடம் கழித்து நிற்காது. அதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், தெரியாத அடமானம் இருந்தால் அதில் வரும். மைனர் பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. மின் இணைப்பு, சொத்து வரி, தண்ணீர் வரி பெயர் மாற்றத்தைப் பட்டா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வண்டிக்குத்தான் கெடு இருக்கிறது. 30 நாளைக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டையும் கூடவே மாற்றுங்கள். அப்பா பெயரில் இருக்கும் பைக்கை மகன் வருடக்கணக்கில் ஓட்டி, ஒரு விபத்து நடந்த பிறகு சிக்கலில் நிற்பது நம் தெருக்களில் சாதாரணம்.

மீதி அட்டைகள்

ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் வங்கிக்கும் கருவூலத்துக்கும் உடனே சொல்லுங்கள். இறந்த பிறகு கணக்கில் விழும் ஓய்வூதியத்தைத் திரும்பக் கேட்பார்கள், செலவழித்திருந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். குடும்ப அட்டையில் பெயர் நீக்கத்தை ஆன்லைனிலேயே செய்யலாம். வாரிசுச் சான்றிதழ் வாங்கும்வரை அதைச் செய்யாமலிருப்பது நல்லது, அந்த அட்டைதான் உறவுக்கு ஆதாரம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 7. ஆதாருக்கு, குடும்பத்தினர் ஒருவர் தன் ஆதாரில் உள்நுழைந்து இறப்பைத் தெரிவிக்கும் வசதி 2025 ஜூனில் வந்திருக்கிறது.

பான் அட்டையைக் கடைசியில் வையுங்கள். இறந்த நாள் வரைக்குமான வருமானத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், வாரிசு ஒருவர் வருமான வரித் தளத்தில் சட்டப் பிரதிநிதியாகப் பதிந்து தாக்கல் செய்ய வேண்டும். வைப்பு நிதி வட்டியில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கவும் இதே வழிதான். ரீஃபண்ட் வந்து, எல்லாக் கணக்கும் மூடிய பிறகு பானை ஒப்படைத்தால் போதும்.